கட்டிலோரத்துப் பலகைகள்

அபூசாலி டிறைவரைத் தெரியாதவர்கள் சாய்ந்தமருதில் குறைவு. கல்முனையிலிருந்து கொழும்புக்கு இரவு பஸ் ஓட்டியவர். வழியில் யாராவது எழுந்து வந்து, "டிறைவர், கொஞ்சம் நிப்பாட்டுங்க, சலம் வருது" என்று கேட்டால், கண்ணாடியில் ஆளைப் பார்த்தபடியே, "ஆம்புளையா இருந்துக்கிட்டு இதையும் அடக்க ஏலாதா?" என்பார். பின்சீட் வரைக்கும் சிரிப்புக் கேட்கும். கேட்டவர் முகம் சுருங்கித் திரும்பிப் போய் உட்காருவார். அதைத் தன் கெட்டித்தனம் என்று அவர் நினைத்திருந்த காலம் அது.

எழுபதைத் தாண்டி, புரொஸ்டேட் ஒப்பரேஷன் முடிந்து, குழாயைக் கழற்றி வீட்டுக்கு வந்த பிறகு அவருடைய உடம்பு அவர் சொல் கேட்பதை விட்டுவிட்டது. இருமினால் சிறுநீர் கசிந்தது. தும்மினால் கசிந்தது. விடிய எழும்பிக் காலைக் கீழே வைத்தால், பாத்றூம் வாசலுக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி வழியிலேயே எல்லாம் முடிந்துவிடும். கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். கிளினிக்குக்கு மறுபடி வரச் சொல்லியும் இருந்தார். அவர் போகவில்லை. மகள் பஹ்மிதா கேட்டபோது, "எனக்கு இப்ப நல்ல சுகம்" என்று சொல்லிவிட்டார்.

மனைவி ஸைனம்பு மவுத்தான பிறகு அவர் பஹ்மிதாவோடுதான் இருந்தார். மருமகன் அஸ்பாக் பிரதான வீதியில் பாமசி வைத்திருந்தான். கசிவைத் தாங்கும் துணிப்பட்டைகள் அங்கே விற்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் மருமகனிடம் எந்த வாயால் அதைக் கேட்பது? வேறு பாமசிக்குப் போனாலும், "என்ன டிறைவர், ஆருக்கு?" என்று கேட்கத் தெரிந்த முகம் ஒன்று நிற்கும். ஆகவே பழைய சாரன்களைக் கிழித்து மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். அவற்றைத் தானே கழுவி, அறை யன்னலுக்குப் பின்னால் காயப்போட்டார். விடியலில் எல்லோரும் எழும்புவதற்கு முன், வாளியில் டெற்றோல் கலந்த தண்ணீர் பிடித்து வந்து, கட்டிலடியிலிருந்து பாத்றூம் வாசல் வரைக்கும் நிலத்தைக் கழுவினார். தண்ணீரை ஊற்றித்தான் கழுவினார். ஈரத்துணியால் துடைத்தால் நஜீஸ் என்னும் அசுத்தம் போகாது என்பது அவருடைய எண்ணம்.

அந்த நிலம் பலகை நிலம். அதில்தான் வினை இருந்தது.

ஒப்பரேஷனுக்கு முன்னொரு நாள் அவர் அறையில் டைலில் சறுக்கி விழுந்து இடுப்பை நோவாக்கிக்கொண்டார். பயந்துபோன பஹ்மிதா, கொழும்பில் சொந்தக்காரர் வீட்டில் பார்த்த லெமினேட் பலகையைத் தன் வீட்டிலும் போடவேண்டும் என்று நின்றாள். அட்டாளைச்சேனையிலிருந்து றம்ஸீன் என்பவன் வந்து, டைலுக்கு மேல் நுரைத்தாள் விரித்து, பலகையோடு பலகையாகக் கோர்த்து, ஹோலுக்கும் வாப்பாவின் அறைக்கும் போட்டுக் கொடுத்தான். தேக்கு நிறம். காலுக்கு இதமாக இருந்தது. பஹ்மிதாவும் அவளுடைய சின்ன மகள் ஸம்றாவும் அதன்பிறகு வாப்பாவின் அறையிலேயே முஸல்லாவை விரித்துத் தொழத் தொடங்கினார்கள். தனக்காகப் போடப்பட்ட நிலத்தைத்தான் அபூசாலி ஒவ்வொரு விடியலும் தண்ணீர் ஊற்றிக் கெடுத்துக்கொண்டிருந்தார். கெடுகிறது என்பது முதலில் அவருக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் அவர் வாயைத் திறக்கவில்லை.

கூட்டும்போது முதலில் கண்டவள் பஹ்மிதா. விளக்குமாற்றின் ஈர்க்கு பலகைகளுக்கிடையில் சிக்கியது. குனிந்து கையால் தடவிப் பார்த்தாள். பலகைகள் சேரும் இடமெல்லாம் வரப்புப் போல மேலெழும்பியிருந்தன. சில விளிம்புகளில் தேக்கு நிறம் உரிந்து, உள்ளே தவிட்டு நிறத்தில் தூள் தெரிந்தது.

"வாப்பா, இதக் கண்டீங்களா? பலகையெல்லாம் ஊதிக்கிட்டு வருது."

"சாமான் சரியில்ல போல" என்றார் அபூசாலி.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அஸ்பாக் வந்து பார்த்தான். கோபக்காரன் இல்லை, ஆனால் ஏமாற்றப்பட்டோம் என்று தோன்றிவிட்டால் அவனால் பொறுக்க முடியாது. றம்ஸீனுக்கு ஃபோன் எடுத்தான். றம்ஸீன் திருகோணமலைப் பக்கம் வேலையில் நின்றதால், வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு உடனே வரவில்லை. அஸ்பாக் பலகைகளைப் படம் பிடித்து, ஊர்க்காரர்கள் எல்லோரும் இருக்கும் ஃபேஸ்புக் பக்கத்தில் றம்ஸீனின் பெயரையும் ஊரையும் போட்டு, இந்த ஆளிடம் வேலை கொடுத்து ஏமாறாதீர்கள் என்று எழுதினான். பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது அதை மாமாவுக்கும் காட்டினான். கீழே எத்தனையோ பேர் எழுதியிருந்தார்கள். ஒருவர் 'கள்ளன்' என்றே எழுதியிருந்தார். அபூசாலி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு அறைக்குப் போனார்.

றம்ஸீன் ஒரு காலைப்பொழுதில் வந்தான். நாற்பது வயது மதிக்கலாம். நன்றாகப் பேசக்கூடியவன், கொஞ்சம் பெருமைக்காரனும்கூட. அன்று முகம் கறுத்திருந்தது.

"நீங்க எழுதினதப் பார்த்தன் காக்கா" என்று அஸ்பாக்கிடம் சொன்னான். "முதல்ல நிலத்தப் பாப்பம். பிழை என்டயெண்டா நானே கழட்டிப் புதுசு போட்டுத் தாறன்."

"கடலடி ஊர். கீழால ஈரம் ஏறும் எண்டு உனக்குத் தெரியாதா?" என்றான் அஸ்பாக்.

"கீழால ஏறின ஈரமெண்டா ஹோலும் ஊதியிரிக்கணும். ஒரே கடைச் சாமான், ஒரே கை வேலை. ஹோலப் பாருங்க, கண்ணாடி மாதிரிக் கிடக்கு."

சொல்லிக்கொண்டே அறைக்குள் செருப்பில்லாமல் நடந்தான். குதிகாலை ஊன்றி, நின்று, மறுபடி ஊன்றி, பலகை அமுங்குகிறதா, 'டிக்' என்று சத்தம் வருகிறதா என்று காது கொடுத்தான். நிலம் மேடு பள்ளமாக இருந்தால் மிதிக்கும்போதெல்லாம் பலகை ஆடி, ஒன்றையொன்று கவ்வியிருக்கும் நாக்கு உடைந்துபோகும், அப்போது பொருத்து விலகி இடைவெளி விழும், இங்கே விலகவில்லை, ஊதித்தான் இருக்கிறது என்று அஸ்பாக்குக்கு விளங்கப்படுத்தினான். பிறகு சுவரோரத்துப் பட்டியை நெம்பிக் கழற்றி, சுவருக்கும் பலகைக்கும் நடுவில் விரலை விட்டுக் காட்டினான்.

"பலகை வெக்கைக்குப் பெருக்கும். அதுக்கு ஓரத்துல இடம் விடணும். விடாட்டி நடு அறையில கூடாரம் மாதிரிக் கிளம்பும். பாருங்க, இடம் விட்டிரிக்கன்."

எல்லாப் பக்கமும் பார்த்தவன் கதவு நிலைக்குக் கீழே வந்ததும் நின்றான். அங்கே பலகை நிலையோடு ஒட்டிக் கிடந்தது. அங்கே விரல் போகவில்லை.

"இது என்ட பிழைதான்" என்றான். "நிலைக் காலுக்குக் கீழ வெட்டி இடம் விட்டிரிக்கணும். அவசரத்துல விட்டுட்டன். ஆனா இதால வந்த பழுதெண்டா இந்த வாசலடியிலதான் கிளம்பும். அங்க கட்டிலடியில இல்ல."

அபூசாலி கட்டிலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் ஒவ்வொரு காரணமாகத் தள்ளத் தள்ள, மிச்சமிருக்கும் ஒன்றை நோக்கித்தான் வருகிறான் என்பது அவருக்கு விளங்கியது. எழும்பி வெளியே போகலாம் என்று நினைத்தார். எழும்பினால் கசியும் என்ற பயத்தில் இருந்த இடத்திலேயே இருந்தார்.

அந்நேரம் கடையிலிருந்து அழைப்பு வர, அஸ்பாக் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனான். பஹ்மிதா குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள். றம்ஸீன் சுவர்ப் பக்கத்திலிருந்து பலகைகளை ஒவ்வொன்றாகச் சரித்துக் கழற்றிக்கொண்டு கட்டிலடிக்கு வந்தான். ஊதிய பலகை ஒன்றைத் தூக்கித் திருப்பினான். அடிப்பக்கம் தட்டையாக இருந்தது. மேல் விளிம்பு மட்டும் தடித்திருந்தது. "மேலாலதான் தண்ணி போயிரிக்கி" என்று தனக்குத்தானே சொன்னான். கீழே நுரைத்தாள் நனைந்து மஞ்சள் பூத்துக் கிடந்தது. அதைக் கிள்ளித் தூக்கியதும் வாடை எழும்பியது. டெற்றோல் வாடைக்குக் கீழே மறைந்திருந்த மற்ற வாடை.

றம்ஸீன் பலகையைத் திரும்ப வைத்துவிட்டான். கட்டிலடியிலிருந்து பாத்றூம் வாசல் வரைக்கும் வீங்கிக் கிடந்த பொருத்துகளை ஒரு முறை கண்ணால் அளந்தான். குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"மாமா, இது என்ன தண்ணி?"

"ஏசியால வடிஞ்சிரிக்கும்."

ஏசி எதிர்ச் சுவரில் இருந்தது. றம்ஸீன் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு அவரைப் பார்த்தான்.

"பூனையொண்டு வாறது" என்றார் அபூசாலி.

"மாமா, எனக்கும் வாப்பா இருந்தவர். நான் உங்கட மகளுக்கும் மருமகனுக்கும் ஒண்டும் சொல்லமாட்டன். நீங்க ஒண்டு மட்டும் சொல்லுங்க, தண்ணி ஊத்திக் கழுவினது நான்தான் எண்டு. வேற ஒண்டும் தேவையில்ல. நஸீர் ஹாஜியார்ர நகைக்கடை வேலை எனக்குப் பேசினது. இந்தப் படத்தக் கண்டுட்டு யோசிச்சிச் சொல்றன் எண்டிரிக்கார். என்ட பேர் போகுது மாமா."

அது பெரிய கேள்வி அல்ல. ஓம், கழுவினேன் என்றால் முடிந்தது. ஆனால் கழுவினேன் என்றால், ஏன் என்று பஹ்மிதா கேட்பாள். தினமுமா என்று கேட்பாள். விடியக் காலையிலா என்பாள். ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் முழுச் சீலையும் அவிழும் என்று அவருக்குத் தோன்றியது.

அஸ்பாக் உள்ளே வந்தான். "என்ன, கண்டுபிடிச்சாச்சா?"

"மேலால தண்ணி போயிரிக்கி காக்கா. கொஞ்சத் தண்ணி இல்ல, ஒரு நாள் ரெண்டு நாளும் இல்ல. எப்பிடியெண்டு மாமாட்டக் கேளுங்க."

அஸ்பாக் மாமாவைப் பார்த்தான். தேத்தண்ணித் தட்டோடு பஹ்மிதா வாசலில் நின்றாள்.

"வல்லாஹி" என்றார் அபூசாலி, "நான் ஒரு சொட்டுத் தண்ணியும் ஊத்தல்ல."

அல்லாஹ்வின் பெயரால் சொல்லப்பட்ட சொல் அது. றம்ஸீன் அவரைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. ஒரு மனிதர் இப்படியும் செய்வாரா என்ற திகைப்புத்தான் இருந்தது. வேலை ஆயுதங்களைப் பைக்குள் போட்டுக்கொண்டான். தேத்தண்ணியைத் தொடவில்லை. "மூத்த மனிசன் சத்தியம் பண்ணிட்டார், இனி நான் என்னத்தக் கதைக்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

"செய்யிறதையும் செஞ்சிட்டு மாமாட தலையில போடப் பாக்கிறான்" என்றான் அஸ்பாக். மாமாவுக்காக அவன் பேசியது அபூசாலிக்குச் செருப்படி போல விழுந்தது.

அதற்குப் பிறகு அவர் பள்ளிக்குப் போகவில்லை. முன்பு உடுப்பு நனைந்துவிடுமோ என்ற பயத்தில் சில வக்துகளை மட்டும் வீட்டில் தொழுதுகொண்டிருந்தார். இப்போது வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கும் போகவில்லை. வீட்டில் முஸல்லாவில் நின்று தக்பீர் கட்டினால், ஓதவேண்டியது மறந்து 'வல்லாஹி' என்ற தன் குரலே காதில் கேட்டது. உடம்பு செய்த பிழைக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு, அது அவருக்குத் தெரியும். நாக்கு செய்த பிழையை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

அந்த வாரத்திலேயே அஸ்பாக் சாப்பாட்டில் இருந்துகொண்டு, "றம்ஸீன்ட வேலைய நஸீர் ஹாஜியார் வேண்டாமெண்டுட்டாராம்" என்றான். சந்தோஷமாகச் சொல்லவில்லை, செய்தியாகத்தான் சொன்னான். அபூசாலி பாதிச் சோற்றில் கையைக் கழுவினார்.

அஸ்பாக் கடைக்குப் போனதும் பஹ்மிதாவைக் கூப்பிட்டார். அவள் வந்து அறை வாசலில் நின்றாள். அவளுடைய முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்று தெரிந்ததால் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மகள், எனக்குச் சலம் அடக்க ஏலாமப் போச்சு. ஒப்பரேஷனுக்குப் பிறகு இப்பிடித்தான். கட்டிலால எழும்பினா நிலத்துல போயிடுது. நான்தான் விடியக் கழுவிக் கழுவி ஊத்தினன். அந்தப் பொடியன்ல பிழையில்ல."

சொல்லி முடித்துத் திரும்பிப் பார்த்தார். பஹ்மிதா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் ஸம்றாவும் இதுலதானே வாப்பா தொழுதம்" என்றாள்.

சொன்ன உடனேயே கையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் சொல்ல நினைத்தது அதுவல்ல. ஆனால் முதலில் வந்தது அதுதான். அபூசாலி தலையை ஆட்டினார். அந்த நேரத்தில் நிலம் பிளந்து தன்னை உள்ளே வாங்கிக்கொண்டால் நல்லது என்று நினைத்தார். பஹ்மிதா குசினிக்குப் போய்விட்டாள். அடுப்பு மூட்டிய சத்தம் இல்லை, பாத்திரச் சத்தமும் இல்லை. கொஞ்சம் கழித்துக் கண் சிவக்கத் திரும்பி வந்து, யன்னலுக்குப் பின்னால் காய்ந்துகொண்டிருந்த துணித்துண்டுகளை எடுத்து மடித்தாள்.

"இதக் கண்டும் ஒரு நாளும் கேக்கல்லயே நான்" என்றாள். "வாகனம் துடைக்கிற துணியெண்டு நினைச்சிட்டன்."

"விடு மகள். நான் தொடுறன், நீ தொடாத."

"நீங்க சும்மா இரிங்க வாப்பா."

அஸ்பாக்குக்கு அவளே சொன்னாள். அவன் அன்றிரவு மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த நாள் கறுப்புப் பையொன்றைக் கட்டிலில் வைத்துவிட்டு, "இது முடிஞ்சதும் சொல்லுங்க மாமா, கடையில இன்னும் இரிக்கி" என்று சொல்லிப் போனான். கிளினிக்குக்கும் அவனே கூட்டிப் போனான். அங்கே இடுப்புத் தசையை இறுக்கி விடும் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். அந்த வரிசையில் தன்னைப்போல எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்பதைப் பார்த்தும் அபூசாலிக்கு வெட்கம் குறையவில்லை.

ஃபேஸ்புக்கில் போட்டதை அஸ்பாக் அழித்தான். புதிதாக எழுத உட்கார்ந்தவன் கையைப் பிசைந்தான். "என்ன காரணமெண்டு எழுதுற மாமா?"

"பிழை எங்கட வீட்டுல எண்டு எழுது. தண்ணி ஊத்தினது நாங்கதான் எண்டு எழுது."

அப்படியே எழுதினான். முன்பு 'கள்ளன்' என்று எழுதியவர்கள் யாரும் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒரே ஒருவர் மட்டும், 'ஆளனுப்பி மிரட்டினானா?' என்று கேட்டிருந்தார். அஸ்பாக் அழைத்தபோது றம்ஸீன் ஃபோனைத் தூக்கவில்லை.

அபூசாலி வெள்ளைச் சேட்டுப் போட்டு, த்ரீவீலர் பிடித்துக் கல்முனைக்குப் போனார். நஸீர் ஹாஜியாரின் நகைக்கடையில் பழைய டைலை உடைத்துக்கொண்டிருந்தார்கள். தூசுக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற ஹாஜியார் அவரைக் கண்டு சிரித்தார். அந்த நாளையில் அவருடைய பஸ்ஸில் சரக்கெடுக்கப் போய் வந்தவர்.

"வாங்க டிறைவர். என்ன, பேத்திக்கு நகையா?"

"தனியாக் கதைக்கணும்."

"இங்க ஆர் இரிக்கா? சொல்லுங்க."

இரண்டு விற்பனைப் பெண்கள் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்றார்கள். அபூசாலி குரலைத் தாழ்த்தினார். ஆனால் உடைக்கிற சத்தத்தில் ஹாஜியாருக்குக் கேட்கவில்லை. "என்ன?" என்று கையைக் காதில் வைத்தார். மறுபடியும், உரத்துச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. தனக்குச் சலம் கட்டுப்படாதது, தான் தண்ணீர் ஊற்றியது, றம்ஸீன் வந்து சரியாகக் கண்டுபிடித்தது, தான் அல்லாஹ்வின் பெயரால் பொய் சொன்னது. பெண்களில் ஒருத்தி குனிந்து எதையோ தேடுவதுபோலப் பாவனை செய்தாள்.

ஹாஜியார் இருமினார். "இதெல்லாம் ஏன் டிறைவர் எனக்கிட்டச் சொல்றீங்க? வயசுக்கு எல்லாருக்கும் வாறதுதானே."

"அந்த வேலைய அவனுக்குத் திருப்பிக் குடுங்க."

"அது முடிஞ்சி. கொழும்பு ஆக்களுக்குக் குடுத்தாச்சு. பாருங்க, வேலையும் துவங்கிட்டு. முதல்லயே தெரிஞ்சிருந்தா…" என்று இழுத்தார்.

அங்கிருந்து அட்டாளைச்சேனைக்குப் பஸ் எடுத்தார். சொல்லாமல் வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று நிந்தவூர் வரைக்கும் நினைத்துக்கொண்டே போனார். றம்ஸீன் வீட்டு வளவுக்குள் வாள் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவரைக் கண்டும் எழும்பவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஹாஜியாரிடம் போனதையும், வேலை கைவிட்டுப் போனதையும் சொன்னார்.

றம்ஸீன் கேட்டுக்கொண்டிருந்தான். "நீங்க மறைச்சது எனக்கு விளங்கும் மாமா. நானும் மறைச்சிரிப்பன். சத்தியம் பண்ணினீங்களே, அதுதான் எனக்கு விளங்கல்ல. அண்டைக்கு வீட்ட வந்து, ஒருவேளை நான்தான் பிழையோ எண்டு நானே யோசிச்சன்."

"ஓம்" என்றார் அபூசாலி. மாப்புக் கேட்டார். அவன் உடனே தரவில்லை. கொஞ்ச நேரம் இயந்திரத்தைத் துடைத்தான்.

"ஞாயிற்றுக்கிழமை வந்து அந்தப் பலகையெல்லாம் கழட்டித் தாறன்" என்றான் கடைசியில். "ஊதினது திரும்ப இறங்காது. உள்ளுக்கு இருக்கிறது அமத்தின மரத்தூள். வெயில்ல காயவச்சாலும் பழைய மாதிரிப் படியாது. உங்கட அறைக்கு டைல்தான் சரி, மேல றப்பர் விரிப்புப் போடுங்க, சறுக்காது. வாசல் நிலையடியையும் வெட்டித் தாறன், அது என்ட கணக்கு."

சொன்னபடி வந்தான். பஹ்மிதா கொடுத்த தேத்தண்ணியை இந்த முறை குடித்தான், ஆனால் அதிகம் பேசவில்லை. அவன் கழற்றக் கழற்ற, பலகைகளை வெளியே கொண்டுபோவது தன் வேலை என்று அபூசாலி பிடிவாதமாக நின்றார். அஸ்பாக் தடுக்க வந்தான், பஹ்மிதா அவனைக் கண்ணால் மறித்தாள். மணம் ஏறிய பலகைகளை இரண்டு இரண்டாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு முன்னாலிருந்த ஒழுங்கைக்குக் கொண்டுபோய், மதிலோரம் அடுக்கினார்.

பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றினார். "என்ன டிறைவர், போட்டு ஒரு வருசம்கூட இல்லயே. அந்த அட்டாளைச்சேனைக்காரன்ட வேலைதானே இது?"

அபூசாலிக்குக் காது மடல்கள் சூடேறின. உள்ளே றம்ஸீன் பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"அவன்ட வேலை நல்ல வேலை" என்றார். "எனக்குச் சலம் அடக்க ஏலாது. என்னாலதான் பழுதாப் போச்சு."

பக்கத்து வீட்டுக்காரர் பலகைகளைப் பார்த்தார், பிறகு ஒழுங்கையின் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். "ஆ, சரி சரி" என்று முணுமுணுத்துவிட்டுச் சைக்கிளை மிதித்தார். அபூசாலி அவர் போவதைப் பார்க்கவில்லை. கையிலிருந்த பலகையை மற்றவற்றின் மேல் வைத்துவிட்டு, அடுத்ததை எடுக்க உள்ளே போனார்.